போர்ட்டிக்சனில் ஏழு இரவுகள்

போர்ட்டிக்சன் கடற்கரையில் எனக்கு ஓர் அறை சொந்தமாக இருக்கிறது என்று பத்தொன்பது ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஓர் அறை கிடையாது என்பது சென்ற மாதம்தான் தெரியவந்தது. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து, அலமாரியின் அடித்தட்டில் கிடந்த நீலநிறக் கோப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அன்றுதான் படித்தேன். செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். சம்பளப் பட்டியலில் பத்துக் காசு பிசகினாலும் இரவோடு இரவாகத் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன் என்று மேனேஜரிடமே பெயர் வாங்கியவன், தன் கையெழுத்து விழுந்த ஒப்பந்தத்தை மட்டும் படிக்காமலே வைத்திருந்திருக்கிறேன்.

படிக்க வைத்தவன் என் மகன். இவ்வாண்டின் பராமரிப்புக் கட்டணமாக 820 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு நான் இரசீதைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது, "அப்பா, இதை வித்துடுங்க. இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கட்டிக்கிட்டு இருப்பீங்க?" என்று கேட்டான். எத்தனை ஆண்டுகள் என்று எனக்கே தெரியவில்லை. அவன் அம்மாவோ, விற்கவே கூடாது என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். இருவருக்கும் நடுவில் நான் கோப்பைத் திறந்தேன்.

முதலில், இந்த 'டைம்ஷேர்' விடுமுறை உறுப்பியம் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு, தீபாவளிக்குத் துணி எடுக்க ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தோம். நகரும் படிக்கட்டின் அருகே மேசை போட்டிருந்த ஓர் இளம்பெண் ஒரு தாளை நீட்டி, பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் எழுதினால் போதும் என்றாள். இரண்டு நாள் கழித்து, எங்களுக்கு ஒரு மின்கெண்டி பரிசு விழுந்திருப்பதாகவும், கணவன் மனைவி இருவருமாக வந்து ஒன்றரை மணி நேரம் ஒரு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு அதைப் பெற்றுக்கொண்டு போகலாம் என்றும் அழைப்பு வந்தது. ஒன்றரை மணி நேரம் நான்கு மணி நேரமாக நீண்டது. எங்களோடு பேசிய பெண் அழகான தமிழில் பேசினாள். உள்ளே நுழைந்தபோது என்னை 'சார்' என்றவள், படங்களைக் காட்டும்போது 'ஐயா' என்றாள், விலையைச் சொல்லும்போது 'அண்ணே' ஆக்கிவிட்டாள். விலை 14,500 வெள்ளி. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை, நாளைக்கு வந்தால் இருபதாயிரம் என்றார்கள். கடன் அட்டையில் இருபத்து நான்கு மாதத் தவணை என்று முடிவாகி நான் கையெழுத்திட்டதும், கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மின்கெண்டி எட்டே மாதத்தில் கெட்டுப்போனது.

நான் ஏமாளி அல்ல. அன்றைக்கு என்னை இளக வைத்தது விலையோ படங்களோ அல்ல, அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்ன 'பங்கு' என்ற ஒரு சொல்தான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக வெட்டி விற்க, பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் வேலையும் லயத்து வீடும் ஒருசேரப் போய் நடுத்தெருவில் நின்றன. அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு மறுமொழியாகத்தான் எங்கள் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்கு சேர்த்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. என் அப்பாவும் வெட்டுச் சம்பளத்தில் சிறுகச் சிறுகக் கட்டி ஒரு பங்கு வாங்கினார். பிறர் மரத்தை வெட்டிக்கொண்டே, தான் ஒருநாளும் பார்த்திராத தோட்டத்தில் தனக்கும் சில மரங்கள் இருக்கின்றன என்று கள்ளுக்கடையில் சொல்லிக்கொள்வார். இலாப ஈவு வந்த ஆண்டுகளில் அந்தத் தாளை அம்மா சாமி மேடையில் வைத்து எடுப்பார்.

ஆகவே 'கடற்கரையில் உங்களுக்கு ஒரு பங்கு' என்று கேட்டபோது, அப்பாவின் பங்கைப் போன்ற ஒன்றுதான் இதுவும் என்று என் மனம் தானாகவே எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளிமையானது. அப்பாவின் பங்கு ஆண்டு முடிவில் அவருக்குப் பணம் அனுப்பியது, என் பங்கு ஆண்டு தொடக்கத்தில் என்னிடம் பணம் கேட்கிறது.

டைம்ஷேர் என்று உலகம் அழைக்கும் இந்த வணிகம் 1960களில் ஐரோப்பாவில் தொடங்கியது. ஒரே விடுமுறை வீட்டை ஆண்டின் வாரங்களாகப் பிரித்துப் பலருக்கு விற்பது அதன் அடிப்படை. ஒரே ஊருக்கே ஆண்டுதோறும் போக யாருக்குத்தான் பிடிக்கும்? அந்தச் சலிப்பைத் தீர்க்க, ஓர் உறுப்பினரின் வாரத்தை இன்னோர் ஊரில் இருக்கும் வாரத்தோடு மாற்றிக்கொடுக்கும் நிறுவனங்கள் தோன்றின. 1974இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்சிஐ அவற்றுள் பெரியது. கூட்டம் மிகுந்த வாரம் சிவப்பு, நடுத்தரமானது வெள்ளை, யாரும் விரும்பாதது நீலம் என்று அது வாரங்களுக்கு நிறம் கொடுத்தது. சில நாடுகளில் வாங்கியவர் பெயரில் நிலப் பத்திரமே எழுதிக் கொடுப்பார்கள். என் கோப்பில் இருப்பது அப்படிப்பட்டது அன்று. அதில் எழுதியிருப்பது பயன்பாட்டு உரிமை மட்டுமே: 2036ஆம் ஆண்டு முடியும்வரை, ஆண்டுக்கு ஏழு இரவுகள், காலியாக இருக்கும் ஏதேனும் ஓர் அறையில், முன்கூட்டியே பதிவு செய்து, அவ்வாண்டுக் கட்டணத்தைக் கட்டியிருந்தால், தங்கிக்கொள்ளலாம். கட்டடமும் நிலமும் நிறுவனத்துடையவை. 2036க்குப் பிறகு எனக்கு ஒன்றுமில்லை.

சட்டம் நம்மைக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. இத்தகைய திட்டங்கள் மலேசிய நிறுவன ஆணையத்தின் பார்வையில் இருக்கின்றன. முன்பு 1965ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் இவற்றுக்கான விதிகள் இருந்தன, 2017 ஜனவரி 31 முதல் 'இன்ட்ரஸ்ட் ஸ்கீம்ஸ்' சட்டம் என்ற தனிச்சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும், உறுப்பினர்களின் நலனைக் காக்க டிரஸ்டி ஒருவரை அமர்த்த வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். என் ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில், கையெழுத்திட்ட பத்து வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்றும் இருந்தது. அந்த வரியை நான் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் படித்தேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமே என்றான் மகன். ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம் என்பது உண்மைதான். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் போயிருக்க வேண்டும். அதோடு, ஒப்பந்தத்தில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. பொய்யெல்லாம் வாய்ப்பேச்சில் இருந்தது, அது காற்றோடு போய்விட்டது.

கோப்பை மூடிவிட்டு, பழைய பழக்கத்தில் ஒரு கோடு போட்ட தாளை எடுத்துக் கணக்கெழுதினேன். வாங்கிய விலை 14,500. முதல் ஆண்டின் பராமரிப்புக் கட்டணம் 380 வெள்ளி. அது ஏறி ஏறி இப்போது 820. இதுவரை கட்டிய இருபது கட்டணங்களும் சேர்ந்து ஏறத்தாழ 11,300. ஆகமொத்தம் 25,800. இந்தக் காலத்தில் நாங்கள் அங்கே போனது ஒன்பது முறை, தங்கியது முப்பத்தெட்டு இரவுகள். அப்படியானால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 680 வெள்ளி. அந்தத் தொகைக்குக் கோலாலம்பூரில் நட்சத்திர விடுதியில் தங்கிக் காலைப் பசியாறலும் முடித்திருக்கலாம்.

ஏன் ஒன்பது முறை மட்டும்? மனைவி தமிழ்ப் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள், பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்தார்கள். பள்ளி விடுமுறையில்தான் எங்களால் நகர முடியும், அதே விடுமுறையில்தான் நாட்டில் உள்ள மற்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும் கடல் நினைவு வரும். ஆறு மாதம் முன்பே அழைத்தாலும் 'ஃபுல்', இடமில்லை என்பார்கள். நாங்கள் போகாத வாரங்கள் அடுத்த ஆண்டுக்குச் சேரும் என்று கூட்டத்தில் சொன்னார்கள், சேர்ந்தது ஓராண்டு மட்டும்தான். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, இடையில் சில மாதங்கள் தளர்வு இருந்தாலும், மாநில எல்லைகளைக் கடக்கும் தடை நீங்கியது 2021 அக்டோபர் 11இல்தான், அதுவும் தடுப்பூசி முழுமையாகப் போட்டவர்களுக்கு. பேராக்கை விட்டு வெளியே போக முடியாத அந்தக் காலத்துக்கும் கட்டண அறிவிப்பு தவறாமல் வந்தது, நானும் தவறாமல் கட்டினேன்.

அந்த 14,500 வெள்ளியை ஊழியர் சேமநிதியில் போட்டிருந்தால் என்று மகன் தொடங்கினான். ஆண்டுக்கு ஐந்தரை விழுக்காடு என்று குறைத்துப் போட்டால்கூட இன்றைக்கு 38,000க்கு மேல் இருந்திருக்கும், 2024க்கு வாரியம் கொடுத்த ஈவு 6.30 விழுக்காடு. அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், பிறகு தாளில் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். போன பணத்தைப் பற்றிய கணக்கு வயிற்றெரிச்சலுக்கு உதவுமே தவிர, இனி என்ன செய்வது என்பதற்கு உதவாது. இனிக் கட்டப்போகும் பணம் எவ்வளவு, அதற்கு ஈடாக இனிக் கிடைக்கப்போகும் இரவுகள் எத்தனை என்பவை மட்டுமே இப்போதைய கேள்வி.

எஞ்சியிருப்பவை பதினோரு கட்டணங்கள். இதுவரை ஏறியதைப் போலவே ஆண்டுக்கு நான்கு விழுக்காடு ஏறினால் மொத்தம் 11,500 வெள்ளியை எட்டும். வார நாள்களில் அதே கடற்கரையில் சமையலறையோடு கூடிய அறைகளை இணையத்தில் தேடினேன். இரவுக்கு இருநூறு வெள்ளிக்கு அக்கம்பக்கமாகக் கிடைக்கின்றன. அப்படியென்றால் ஆண்டுக்கு ஐந்து இரவுகள் தங்கினால் போட்ட பணத்துக்கு ஏறத்தாழச் சரியாகப் போகும், ஏழும் தங்கினால் இலாபம். வேடிக்கை என்னவென்றால், வேலையில் இருந்த காலத்தில் எங்களுக்குப் பயன்படாத இந்த உறுப்பியம், நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் பயன்படத்தக்கதாக மாறியிருக்கிறது. பள்ளி நாள்களில், திங்கள்கிழமைகளில், அறை எப்போதும் கிடைக்கிறது. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து போர்ட்டிக்சன் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். என் இடது முழங்காலோ தாப்பாவைத் தாண்டியதும் பேசத் தொடங்கிவிடுகிறது. பதினோராவது கட்டணம் வரும்போது எனக்கு எழுபத்து நான்கு வயது.

அப்படியானால் விற்றுவிடலாமா? விற்பது என்பது ஒரு சொல்தான், வாங்குவதற்கு ஆள் வேண்டுமே. இணையத்தில் நான் பார்த்த விளம்பரங்களில் ஒருவர் ஐந்நூறு வெள்ளிக்குக் கொடுக்கிறேன் என்கிறார், இன்னொருவர் பெயர் மாற்றக் கட்டணத்தைத் தானே கட்டி இலவசமாகவே தருகிறேன் என்கிறார். இரண்டு விளம்பரங்களும் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தன. புதிதாக வாங்குபவனுக்கு 14,500 மதிப்புள்ளதாகத் தோன்றிய பொருள், என் கைக்கு வந்த மறுநாளே மதிப்பை இழந்துவிட்டது. விலையில் பெரும்பங்கு பேரங்காடி மேசைக்கும், மின்கெண்டிக்கும், 'அண்ணே' என்று அழைத்த பெண்ணின் கமிஷனுக்கும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நானும் ஒரு விளம்பரம் போட்டேன். நான்காம் நாள் ஓர் அழைப்பு வந்தது. "அங்கிள், உங்க மெம்பர்ஷிப்புக்கு ஆள் ரெடி. பதினெட்டாயிரம் கொடுக்கிறாங்க" என்றது ஓர் இளைஞனின் குரல். வாங்குபவர் சிங்கப்பூர்க்காரராம், பணம் வழக்கறிஞரின் கணக்கில் தயாராக இருக்கிறதாம், பத்திரச் செலவுக்காக நான் முதலில் 2,400 வெள்ளி அனுப்பினால் போதுமாம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதினெட்டாயிரம் என்ற எண்ணைக் கேட்டதும் என் நெஞ்சு படபடத்தது. கட்டத்தானே போகிறோம், பிறகு வரத்தானே போகிறது என்று தோன்றியது. அந்த 2,400ஐ வரும் பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு குரலில் இருந்த 'அங்கிள்' காணாமற்போனது. விற்க முடியாமல் தவிப்பவர்களைத் தேடிப்பிடித்து முன்பணம் கறப்பது உலகெங்கும் இந்த வணிகத்தின் பின்வாசலில் நடக்கும் வேலை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். யாருக்காவது இப்படி அழைப்பு வந்தால், விற்பவன் முன்பணம் கட்டும் விற்பனை எந்தச் சந்தையிலும் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன். அவள் என் தாளைப் பார்க்கவே இல்லை. "உங்க அம்மா அங்க உட்கார்ந்திருந்ததுக்கு எத்தனை வெள்ளி போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

2009இல் அம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தோம். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் பழக்கத்தில் விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார். அங்கேயும் எழுந்து, யாரையும் எழுப்பாமல், கண்ணாடிக் கதவைத் திறந்து மாடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கண் விழித்தபோது ஏழு மணி. தோளில் துண்டு, கையில் ஆறிப்போன கோப்பி. "இவ்வளவு தண்ணி இருந்தும் ஒருத்தரும் வேலைக்குப் போகலையேடா" என்றார். ஐந்து நாளும் அதே நாற்காலியில் அதே நேரத்தில் உட்கார்ந்திருந்தார். வாடகைக்கு எடுத்த அறையாக இருந்திருந்தால் ஓர் இரவோடு ஊருக்குத் திரும்பியிருப்போம். கட்டிவிட்டோமே என்பதால்தான் ஐந்து நாள் இருந்தோம். அந்த அளவில் என் மனைவியின் கேள்வி நியாயமானது. கணக்கில் எந்தப் பத்தியில் அதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அம்மா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இனிக் கட்டப்போகும் 11,500 அந்தக் காலை வேளைகளுக்கான விலை அன்று. ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது. நிலுவை எதுவும் இல்லாத உறுப்பினர், இரண்டு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி உறுப்பியத்தைத் திரும்ப ஒப்படைக்கலாம். அதாவது 1,640 வெள்ளி. விற்பதா வைத்திருப்பதா என்று ஒரு மாதமாக மூவரும் வாதாடிக்கொண்டிருந்தோம், பணம் கொடுத்துத் திருப்பிக் கொடுப்பது என்ற மூன்றாவது வழி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நான் இடையில் இறந்துபோனால் உறுப்பியம் பெயர் குறிப்பிட்ட வாரிசுக்குப் போகும் என்றும் எழுதியிருந்தது. வாரிசாக 2006இல் நான் எழுதிக் கொடுத்திருந்த பெயர் மகனுடையது. அப்போது அதை ஒரு சொத்தாக நினைத்து எழுதினேன்.

திரும்ப ஒப்படைப்பது என்று முடிவு செய்தேன். 1,640 வெள்ளி கைவிட்டுப் போவது வலிக்கத்தான் செய்கிறது. கடல் வேண்டும் என்று தோன்றும்போது இரவுக்கு இருநூறு வெள்ளி கொடுத்து இரண்டு இரவு தங்கலாம். முழங்கால் சம்மதித்தால் போர்ட்டிக்சன், சம்மதிக்காவிட்டால் பக்கத்தில் லூமுட். மகனுக்கு நிம்மதி. மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, இந்த ஆண்டுக் கட்டணத்தைத்தான் கட்டியாயிற்றே, அந்த ஏழு இரவுகளை எதற்கு விட வேண்டும் என்றாள். கிராணிக்கு வாழ்க்கைப்பட்டவள் அல்லவா. ஆகவே செப்டம்பரில், பள்ளி நடக்கும் ஒரு வாரத்தில், திங்கள் முதல் திங்கள் வரை பதிவு செய்திருக்கிறேன். ஒப்படைப்புக் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திரும்பி வந்ததும், அடுத்த கட்டண அறிவிப்பு வருவதற்கு முன், பதிவுத் தபாலில் போகும். ஒரு படி டிரஸ்டிக்கும் போகும்.

பதிவு செய்யும்போது மனைவி பக்கத்தில் நின்று ஒன்று கேட்கச் சொன்னாள். 2012இல் போனபோது, அங்கிருந்த சட்டிகள் ஒட்டுகின்றன என்று தன் தோசைக்கல்லை எடுத்துவந்தவள், புறப்படும் அவசரத்தில் அதை அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியில் மறந்துவிட்டாள். நம் அறைதானே, அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்றேன் நான். அடுத்த முறை எங்களுக்குக் கிடைத்தது வேறு மாடியில் வேறு அறை. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு முறையும் வேறு வேறு அறைகள்தாம். அது அவள் மாமியார் கொடுத்த கல், ஆகவே நானும் தயங்கவில்லை, மூன்றாம் மாடியில் அந்த எண்ணுள்ள அறையே வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். குறித்துக்கொள்கிறோம், ஆனால் குறிப்பிட்ட அறையை உறுதிசெய்ய முடியாது என்று சொன்னார்கள். மனைவி பயணப் பையில் இப்போதே மாவுக்கு ஒரு பாத்திரம் எடுத்து வைத்திருக்கிறாள், கல் வைக்கவில்லை.